எழுதியாச்சு என்று ஒரு பொய்

சர்வரில் கோப்பு சேமிக்க நேரமாகிறது என்று யாராவது புலம்பினால், பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு வைத்தியம் வரும். "எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திறங்க. சிங்க்னு ஒரு வார்த்தை இருக்கும். அதை ஏசிங்க்னு மாத்துங்க. அப்புறம் பாருங்க, பறக்கும்." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. மாற்றிப் பார்த்தால் பறக்கத்தான் செய்கிறது. அரை நிமிடம் ஆன வேலை சில விநாடிகளில் முடிகிறது. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் கூடுகிறது. பல வருடமாக சர்வர்களோடு காலம் தள்ளும் எனக்கு, அந்த ஓர் எழுத்தைப் போலக் கேடு செய்த இன்னோர் எழுத்து தெரியாது. இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது. அதைப் போட்டவர்களுக்கும் எதிரானது. போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் என்னை விட்டுவிட்டு எழுதப் போவதில்லை.

இது கம்ப்யூட்டர்காரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுகிறவராக இருக்கலாம். உங்கள் தாத்தா சேர்த்து வைத்த பத்திரிகைகளை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தவராக இருக்கலாம். உங்கள் கோப்பு உங்கள் மேசையில் இருக்கும் கணினியில் இல்லை. எங்கோ ஓர் அறையில், ஏசி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலமாரியில், ஒரு சர்வரின் டிஸ்கில் இருக்கிறது. உங்கள் திரையில் அது சாதாரண ஃபோல்டர் போலத் தெரிகிறது. அப்படித் தெரியவைக்கும் பழைய ஏற்பாடுகளில் ஒன்று என்.எஃப்.எஸ். நீங்கள் 'சேவ்' அழுத்தியதும் "ஆச்சு" என்று ஒரு பதில் வருகிறதே, அந்தப் பதிலை நம்பித்தான் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். அந்தப் பதில் உண்மையா என்பதுதான் இங்கே கேள்வி.

*

சில வருடங்களுக்கு முன் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து சேமிக்கும் ஓரிடத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. ஆறு ஸ்கேனர்கள், ஆறு லினக்ஸ் கணினிகள், ஓர் அறை தள்ளி ஒரு சர்வர். ஒரு பக்கம் ஏறத்தாழ 60 எம்.பி. ஸ்கேன் முடிந்ததும் கோப்பு நேராக சர்வருக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் திரையில் ஒரு பச்சை டிக் விழும். டிக் விழுந்த பிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. பழுப்பேறிய தாள்கள். சில தாள்கள் ஒருமுறை புரட்டுவதைத்தான் தாங்கும்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்கேன் செய்யும் பெண்களில் ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு பக்கம் சேவ் ஆக அரை நிமிஷம் ஆகுது. டீயே குடிச்சிட்டு வந்துடலாம்போல."

மதியத்துக்குள் மேலாளரும் வந்துவிட்டார். "என்னப்பா இது, மாசக் கடைசியில எத்தனை பக்கம்னு கணக்குக் காட்டணும். நெட்வொர்க்கைச் சரி பண்ணு."

நெட்வொர்க் என்று அவர் சொன்னதை நானும் அப்படியே நம்பினேன். கேபிளை மாற்றினேன். ஸ்விட்சில் வேறு போர்ட்டில் சொருகினேன். எங்கோ படித்த மவுண்ட் ஆப்ஷன்களை எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் போனது, ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தேன். டிக்குகள் படபடவென்று விழுந்தன. மேலாளர் அன்றைக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். "என்னதான் செஞ்சே?" என்று கேட்டார். "ஒரு செட்டிங் மாத்தினேன் சார்" என்றேன். அந்த செட்டிங் என்ன செய்யும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

*

அது என்ன செய்யும் என்று இப்போது சொல்கிறேன்.

வங்கியில் பணம் கட்டப் போகிறீர்கள். செலானை நிரப்பிக் கொடுக்கிறீர்கள். கவுன்டரில் இருப்பவர் நோட்டை எண்ணி, கணக்கில் ஏற்றி, பிறகு செலானின் மறுபாதியில் முத்திரை குத்தித் தருகிறார். வரிசை மெதுவாக நகர்கிறது. அந்த மறுபாதிக்கு ஏன் மதிப்பு? முத்திரைக்கு முன்னால் நோட்டு எண்ணப்பட்டிருக்கிறது, அதனால். இப்போது ஒரு கெட்டிக்கார மேலாளர் வருகிறார். "முதல்ல எல்லாருக்கும் முத்திரையைக் குத்திக் கொடுத்து அனுப்பிடுங்க. நோட்டை மேசை மேல போட்டு வைங்க, அப்புறமா எண்ணிக்கலாம்" என்கிறார். வரிசை பறக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சி. மேசை மேல் கிடக்கும் நோட்டு காற்றில் பறக்காத வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

சர்வரின் மேசை என்பது ரேம். மின்சாரம் இருக்கும்வரைதான் அதில் இருப்பது இருக்கும். டிஸ்க் என்பது கணக்கு ஏடு. சிங்க் என்றால், ஏட்டில் ஏற்ற வேண்டியதை ஏற்றிவிட்டுத்தான் சர்வர் "ஆச்சு" என்று சொல்லும். ஏசிங்க் என்றால் மேசை மேல் விழுந்ததுமே சொல்லிவிடும். லினக்ஸில் மேசையில் கிடப்பது ஏட்டுக்குப் போக, யாரும் அவசரப்படுத்தாவிட்டால், அரை நிமிடம்போல ஆகும். 30 விநாடி பழையதாகிவிட்டதை எழுது என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. டிஸ்க் திணறிக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். அந்த இடைவெளியில் சர்வர் உங்களிடம் சொல்லியிருப்பது சுத்தப் பொய்.

"எல்லா கம்ப்யூட்டரும் இப்படித்தானே சார்? என் லேப்டாப்பும் முதல்ல ரேம்லதானே வெக்குது?" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினான். ஆமாம். ஆனால் லேப்டாப்பில் கரண்ட் போனால் எழுதிய நிரலும் சேர்ந்து போகிறது. நீங்களும் அங்கேயே இருக்கிறீர்கள், ஏதோ போய்விட்டது என்று உடனே தெரிகிறது. நெட்வொர்க் டிஸ்கில் அப்படி இல்லை. சர்வர் சாகும், உங்கள் கணினி உயிரோடு இருக்கும். கைக்கு வந்த ரசீதை நம்பி நீங்கள் மேற்கொண்டு வேலை செய்துகொண்டே இருப்பீர்கள். அசலைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

*

என்.எஃப்.எஸ்.ஸை உருவாக்கியவர்கள் இதை யோசிக்காதவர்கள் இல்லை. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் அது பிறந்தபோதே சர்வர் எந்த நிமிடமும் விழலாம் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைத்தார்கள். சர்வர் எதையும் நினைவில் வைத்திருக்கக் கூடாது. விழுந்து எழுந்தால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடர வேண்டும். கிளையன்ட் செய்ய வேண்டியதெல்லாம் பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது மட்டும். இது நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. சர்வர் "ஆச்சு" என்று சொன்னால் அது நிலையான சேமிப்பில் ஏறியிருக்க வேண்டும். 1989-இல் வெளியான இரண்டாம் பதிப்பின் ஆவணத்தில் இந்த நிபந்தனை இருக்கிறது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாம் பதிப்பில் ஒரு தடவைக்கு 8 கே.பி.தான் அனுப்ப முடியும். ஒரு எம்.பி. கோப்புக்கு 128 தடவை. அந்தக் காலத்து டிஸ்க் நிமிடத்துக்கு 3600 முறை சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 மில்லி விநாடி. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுற்றுக்குக் காத்திருந்தாலும் ஒரு எம்.பி.க்கு இரண்டு விநாடிக்கு மேல். கோப்பின் அளவையும் நேரத்தையும் குறித்து வைக்கும் எழுத்துகள் தனி. எழுதும் வேகம் பற்றிய புகார் என்.எஃப்.எஸ். அளவுக்கே பழையது.

அந்தப் புகாருக்கு நேர்மையான பதில்களும் வந்தன. மின்சாரம் போனாலும் மறக்காத, பேட்டரி வைத்த நினைவகத்தை சர்வருக்குள் வைத்தார்கள். அதில் விழுந்தால் ஏட்டில் ஏறியதாகவே கணக்கு, ஏனென்றால் கரண்ட் போனாலும் அது போகாது. நெட்ஆப் போன்ற நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்த உத்தியின் மேல்தான் கட்டின. 1995-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் இருந்த ஏற்பாடு இன்று படித்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கிளையன்ட் சொல்லும்: "இதை இப்போதைக்கு ரேமிலேயே வைத்துக்கொள், நான் பிரதியை வைத்திருக்கிறேன்." எல்லாம் அனுப்பி முடித்த பிறகு "கமிட்" என்று ஒரு கட்டளை. அதற்கு பதில் வந்த பிறகுதான் கிளையன்ட் தன் பிரதியைக் கைவிடும். நடுவில் சர்வர் விழுந்து எழுந்தால்? ஒவ்வொரு பதிலோடும் சர்வர் ஒரு எண்ணை அனுப்புகிறது. மறுபடி பூட் ஆனால் அந்த எண் மாறிவிடும். எண் மாறியதைப் பார்த்ததும் கிளையன்ட், "ஓகோ, இவர் நடுவில் ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறார்" என்று புரிந்துகொண்டு, கமிட் ஆகாத அத்தனையையும் மறுபடி அனுப்பும்.

வேகமும் கிடைக்கிறது, வாக்கும் காப்பாற்றப்படுகிறது. எட்டு பைட் எண் ஒன்றை வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

ஏசிங்க் இந்த ஏற்பாட்டின் கழுத்தில்தான் கை வைக்கிறது. கமிட் என்று கேட்டால், எழுதாமலே "ஆச்சு" என்கிறது. கிளையன்ட் நம்பித் தன் பிரதியைக் கைவிடுகிறது. அதன் பிறகு சர்வர் செத்துப் பிழைத்தால், எண் மாறியது தெரிந்தும் பயனில்லை, மறுபடி அனுப்பக் கையில் ஒன்றும் இல்லை.

இதை யாரும் மறைக்கவும் இல்லை. லினக்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது: இந்த ஆப்ஷன் நெறிமுறையை மீற சர்வரை அனுமதிக்கிறது, சர்வர் தாறுமாறாக நின்றால் தரவு தொலையலாம் அல்லது கெடலாம். ஒரு காலத்தில் லினக்ஸில் ஏசிங்க்தான் இயல்பாகவே இருந்தது. என்.எஃப்.எஸ். யுடில்ஸ் 1.0.0-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் சிங்க் இயல்பானது. எழுதியவர்களே திருந்திவிட்டார்கள். திருத்தியதை மறுபடி கெடுத்து வைப்பதைத்தான் நாம் "டியூனிங்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*

எங்கள் இடத்தில் கரண்ட் போனது ஒரு சாயங்காலம், மழை நேரம். ஸ்கேனர்களும் கணினிகளும் பெரிய இன்வர்ட்டரில் இருந்தன. சர்வருக்குத் தனி யு.பி.எஸ். அது இரண்டு நிமிடம் கத்தியது, பிறகு பேட்டரி இறங்கி சர்வரோடு அணைந்தது. ஸ்கேன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரைகளில் பச்சை டிக்குகள் இருந்தன. கரண்ட் வந்தது, சர்வர் எழுந்தது, கணினிகள் தானாக இணைந்தன. "ஒண்ணும் ஆகலை" என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

சிங்க் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிக் விழாத பக்கங்கள் கணினிகளின் நினைவில் காத்திருந்திருக்கும். சர்வர் எழுந்ததும் மறுபடி போயிருக்கும். ஒரு பக்கமும் தொலைந்திருக்காது. அந்தச் சூழ்நிலைக்காகவே, அப்படியே, செய்து வைத்த நெறிமுறை அது.

இரண்டு மாதம் கழித்து, அட்டவணை தயாரிக்கும் அம்மா ஒருவர் கூப்பிட்டார். "இந்த நம்பரைத் திறந்தா ஒண்ணுமே வரலையே சார்." போய்ப் பார்த்தேன். கோப்பு இருக்கிறது. பெயர் சரி, தேதி சரி. அளவு 0. தேடிப் பார்த்ததில் அதே சாயங்காலத்தின் அதே நிமிடத்தில் 11 கோப்புகள் அப்படி. பேக்கப்பில் தேடினேன். பேக்கப் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது, காலிக் கோப்புகளைக் காலியாகவே நகலெடுத்து வைத்திருந்தது. இரவில் ஓடும் செக்சம் சரிபார்ப்பு ஒவ்வோர் இரவும் "எல்லாம் சரி" என்று சொல்லியிருந்தது. காலிக் கோப்பு நேற்றும் காலி, இன்றும் காலி, மாற்றமே இல்லையே. அளவு 0 என்றால் எச்சரிக்கை செய் என்று ஒரு வரிகூட நான் எழுதி வைத்திருக்கவில்லை.

இதழ்களைக் கொடுத்த பெரியவரிடம் மறுபடி போய்க் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. தொகுப்பைத் திரும்பத் தந்தார். ஒன்பது பக்கங்களை மீட்டோம். மீதி இரண்டு பக்கங்களும் ஒரே தாளின் இரு புறம். முதல் ஸ்கேனின்போதே மடிப்பில் உடைந்து பொடியாகிப் போன தாள். "ஸ்கேன்தான் ஆயிடுச்சே" என்று நாங்களே அன்று ஆறுதல் சொல்லிக்கொண்ட தாள்.

பதினொன்றில் இரண்டுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஏசிங்க்கின் நஷ்டம் எப்போதும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும், சத்தமில்லாமல் இருக்கும், யாரும் தேடாத வரை தெரியாது. அதனால்தான் அது இத்தனை வருடம் நல்ல பெயரோடு வாழ்கிறது.

*

சர்வர் அந்தத் திங்கட்கிழமை திடீரென்று ஏன் மெதுவானது என்பதை நான் கண்டுபிடித்தது இதற்கெல்லாம் பிறகுதான்.

டிஸ்குகளை இணைக்கும் ரெய்டு கார்டில் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. அந்த பேட்டரி இருந்ததால் கார்டு தன் சொந்த நினைவகத்தில் எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தைரியமாக "ஆச்சு" என்று சொல்லிவந்தது. அது நேர்மையான வேகம். இரண்டு வருடத்தில் பேட்டரி செத்தது. செத்தது தெரிந்ததும் கார்டு தன் முறையை மாற்றிக்கொண்டது. இனி நினைவகத்தை நம்பி வாக்குக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றையும் டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் சொல்வேன் என்று நின்றது. அதனால் மெதுவானது. அதன் பதிவேட்டில் தேதியோடு அந்தச் செய்தி இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது ஒரு சர்க்யூட் போர்டு. 'எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் நிதானமாகத்தான் செய்வேன்' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. காரணம் கேட்காமல், அதன் வாயைப் பொத்தி, அதற்கு மேலே உட்கார்ந்து பொய் சொல்ல இன்னொருவரை நியமித்தேன். புது பேட்டரி வாங்கிப் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அந்தச் செலவு எங்கள் ஒரு மாத டீச் செலவை எட்டியிருக்காது.

எழுதும் வேகம் குறைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்படி வேகமாக்குவது" என்பது இல்லை. "நேற்று வரை நன்றாக இருந்ததே, என்ன மாறியது" என்பதுதான். பேட்டரி செத்ததா? ரெய்டில் ஒரு டிஸ்க் போய், மறுகட்டுமானம் ஓடிக்கொண்டிருக்கிறதா? கேபிள் நைந்து, ஆயிரம் மெகாபிட்டில் ஓடிய இணைப்பு நூறுக்கு இறங்கிவிட்டதா? டிஸ்க் நிரம்பி விளிம்பில் நிற்கிறதா? மெதுவாவது ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரை உடைப்பவரை நாம் டாக்டர் என்று சொல்வதில்லை.

*

அளப்பதிலும் இதே ஏமாற்று உண்டு. புது சர்வர் வந்ததும் டிடி கட்டளையை எடுத்து, பூஜ்யங்களாக ஒரு ஜி.பி. எழுதிப் பார்த்து, "எவ்வளவு வேகம் பாருங்க" என்று காட்டுவார்கள். கடைசியில் எஃப்சிங்க் செய்யச் சொல்லாமல் சர்வரில் நேராக ஓட்டினால் அந்த எண் ரேமின் வேகம், டிஸ்கின் வேகமே இல்லை. கீழே இருப்பது அழுத்திச் சேமிக்கும் கோப்பு முறைமை என்றால் அத்தனை பூஜ்யங்களும் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், டிஸ்குக்கு வேலையே இருக்காது. ஒரு ஜிகாபிட் கம்பியில் விநாடிக்கு 120 எம்.பி.க்கு மேல் ஒன்றும் போக முடியாது. அதற்கு மேல் யாராவது கிளையன்டில் அளந்து காட்டினால் அவர் தன் கணினியின் ரேமைத்தான் அளந்திருக்கிறார். இந்த எளிய கணக்கைக்கூடப் போடாமல் டெண்டர்கள் முடிவாகின்றன.

நேர்மையாக அளக்க வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. முதலில் சர்வரிலேயே உட்கார்ந்து, எஃப்சிங்க்கோடு, டிஸ்கை மட்டும் அளக்க வேண்டும். பிறகு நெட்வொர்க்கை மட்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் இருக்கும் என்.எஃப்.எஸ். மேல் சந்தேகப்படலாம். கிளையன்டில் என்.எஃப்.எஸ்.அயோஸ்டாட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு நேரம் காட்டும். ஒன்று, கோரிக்கை கிளம்பிப் பதில் வர ஆன நேரம். இன்னொன்று, கிளையன்டுக்குள் வரிசையில் நின்றதையும் சேர்த்த மொத்த நேரம். முதலாவது பெரிதாக இருந்தால் நோய் சர்வரிலோ கம்பியிலோ. முதலாவது சின்னது, மொத்தம் பெரிது என்றால் நோய் உங்கள் கணினியில். இந்த இரண்டு எண்ணையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் இரண்டு நாள் கேபிள் மாற்றினேன்.

சின்னச் சின்னக் கோப்புகளாக ஆயிரக்கணக்கில் எழுதுவது தனிக்கதை. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரைத் தேடு, உருவாக்கு, எழுது, கமிட் செய், மூடு என்று பல நடை. ஒரு கோப்புக்கு மொத்தம் 20 மில்லி விநாடி என்றால் பத்தாயிரம் கோப்புக்கு 200 விநாடி. இதில் கம்பியின் அகலத்துக்கு வேலையே இல்லை. பத்து மடங்கு அகலமான கம்பி வாங்கிப் போட்டாலும் அந்த மூன்று நிமிடம் அசையாது. வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அத்தனையையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பினால் தீர்ந்தது.

அப்புறம் அந்த மந்திரங்கள். எழுத்து அளவை 8192 என்று வை, இதை அப்படி வை என்று இரண்டாம் பதிப்பு காலத்துச் சீட்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்றைய லினக்ஸ், ஒன்றும் சொல்லாமல் விட்டால், ஒரு எம்.பி. வரை தானே பேசி முடிவு செய்துகொள்கிறது. அந்த மந்திரத்தை ஒட்டுகிறவர் தன் கையாலேயே சர்வரை முப்பது வருடம் பின்னால் தள்ளுகிறார்.

*

எதிர்வாதங்களைக் கேட்காமல் இல்லை.

"எங்ககிட்ட யு.பி.எஸ். இருக்கு." எங்களிடமும் இருந்தது. யு.பி.எஸ். மின்வெட்டைத்தான் பார்த்துக்கொள்ளும். கெர்னல் உறைந்தால், பவர் சப்ளை எரிந்தால், யாரோ தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினால் அது என்ன செய்யும்?

"ஜர்னலிங் இருக்கு சார், ஒண்ணும் ஆகாது." ஜர்னல் காப்பாற்றுவது கோப்பு முறைமையின் ஒழுங்கை. எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை குழம்பாது. உள்ளே இருந்தது இருக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. எங்கள் 11 கோப்புகளும் ஒழுங்காகத்தான் இருந்தன, காலியாக.

"யூசர்ங்க காத்திருக்க மாட்டாங்க." இதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அரை நிமிடம் காத்திருப்பது கொடுமை. அந்தப் பெண்களின் கோபம் நியாயமான கோபம். ஆனால் அவர்களிடம் யாராவது போய், "சீக்கிரம் டிக் விழ வைக்கிறேன், ஆனா சில நேரம் அது பொய்யா இருக்கும், சம்மதமா?" என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உடையும் தாளை ஊதி ஊதிப் புரட்டுகிறவர்கள் அவர்கள்.

ஏசிங்க்குக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுபடி செய்துகொள்ளக்கூடிய பொருள் என்றால் தாராளமாகப் போடலாம். நிரலைத் தொகுக்கும்போது உருவாகும் இடைக்காலக் கோப்புகள், வீடியோ ரெண்டர் செய்யும் தற்காலிக ஃபோல்டர், எங்கிருந்தோ இறக்கிய பிரதிகள். போனால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். அந்த ஃபோல்டரின் பெயரிலேயே 'தற்காலிகம்' என்று எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. என் சண்டை, அசல் இல்லாத பொருளின் ஒரே பிரதிக்கு அதைப் போடுவதோடு. அதையும் அதன் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் போடுவதோடு.

வேகம் வேண்டும் என்றால் காசு கொடுத்து நேர்மையாக வாங்கலாம். மின்சாரம் போகும் தருணத்தில் கையில் இருப்பதை எழுதி முடிக்க உள்ளேயே கெபாசிட்டர் வைத்த எஸ்.எஸ்.டி.கள் கிடைக்கின்றன. இசட்.எஃப்.எஸ். என்றால், உடனடி எழுத்துகளை மட்டும் வாங்கிக்கொள்ள அப்படியொரு எஸ்.எஸ்.டி.யைத் தனியாகக் கொடுக்கலாம். அங்கேயும் சிங்க்கை முழுவதுமாக அணைத்துவிடும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அங்கேயும் அதைத்தான் முதலில் சிபாரிசு செய்கிறார்கள். காசில்லையா? முதலில் உள்ளூர் டிஸ்கில் எழுதி, பின்னணியில் சர்வருக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் செக்சம் ஒத்துப்போன பிறகு மட்டும் உள்ளூர்ப் பிரதியை அழிக்கலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

இந்தப் பொய்யிலிருந்து மற்றவர்கள் மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு பகிரும் சாம்பாவில், கிளையன்ட் "எழுதிவிடு" என்று கேட்டாலும் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் நெடுநாள் இயல்பாக இருந்தது. 2017-இல் வந்த 4.7 பதிப்பில் அதை மாற்றினார்கள். 2018-இல், லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றுவிட்டு அடுத்த முறை கேட்டால் சரி என்று சொல்லிவிடக்கூடும் என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் செய்கிறவர்களுக்குத் தெரிய வந்தது. பெரிய சர்ச்சை. அவர்கள் எடுத்த முடிவு, எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸையே நிறுத்திவிடுவது. எழுதப்பட்டதா என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். வேகம் குறைந்ததே என்று யாரும் அவர்களைத் திட்டவில்லை.

உங்கள் தரவை வைத்திருப்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ரொம்பச் சின்னக் கேள்வி. "சேவ் ஆச்சுன்னு திரையில வந்த அந்த நொடியில சர்வர் பிளக்கைப் பிடுங்கினா, என் ஃபைல் இருக்குமா?" இருக்கும் என்று சொன்னால் எதனால் இருக்கும் என்று கேளுங்கள். பேட்டரி என்றால், கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவருடைய வேலை. தொழில்நுட்பம் தெரியாதவர் கேட்கக் கூடாது என்று ஒன்றுமில்லை.

நான் இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறேன். பழைய இடத்தில் சிங்க் திரும்ப வந்துவிட்டது, பேட்டரியும் மாறிவிட்டது. அந்த இதழின் அட்டவணையில் இரண்டு பக்கங்களுக்கு நேராகக் குறிப்பு என்ன எழுதுவது என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார். "மூலத்தில் இல்லை" என்று போட்டுவிடலாமா என்றார். மூலத்தில் இருந்தது. ஒரு மாலை நேரம் ஒருவர் அதைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறார், பச்சை டிக்கும் விழுந்திருக்கிறது. "சேமிப்பில் தொலைந்தது" என்று எழுதச் சொன்னேன்.